பச்சைப் புள்ளியும் சிரிக்கும் பலூனும்

எடமலைப்பட்டி புதூர், திருச்சி.
வியாழக்கிழமை மதியம்.

மதிப்பிற்குரிய குழுத் தலைவி திருமதி ஸ்ரீவித்யா அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் குழுவில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஜாஸ்லினின் தகப்பனும், பொன்மலை ரயில்வே பணிமனையில் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவனுமாகிய அமிர்தராஜ் வணக்கம் கூறி எழுதுவது.

தாங்களும் தங்கள் வீட்டுக்காரரும் ஸ்ரீரங்கத்தில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. எழுதினால் பொய் சொன்ன பாவத்துக்காகச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் போய் நிற்க வேண்டிவரும் என்பதால் எழுதவில்லை. இந்தக் காலத்திலும் காகிதத்தில் எழுதி ஸ்டாம்பு ஒட்டுகிறானே இந்த ஆள் என்று தாங்கள் நினைக்கலாம். கம்ப்யூட்டரில் அனுப்பினால் அதன் கீழே ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். காகிதத்துக்குக் கட்டைவிரல் போட முடியாது. தங்கள் விலாசம், போன தீபாவளிக்குத் தங்களுக்கு வர வேண்டிய கம்பெனிப் பார்சல் தவறி எங்கள் வீட்டுக்கு வந்ததில் கிடைத்தது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் பேசுவதை நிறுத்திவிட்டாள். தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை. சாப்பிட்டியா என்றால் ம் என்கிறாள், கோயிலுக்கு வருகிறாயா என்றால் ம்ஹும் என்கிறாள், அவ்வளவுதான். தங்கள் குழுவில் இருந்த நிஜாமுதீன் இறந்துபோனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறாள். எனக்கு வேறு பிள்ளை கிடையாது. தாங்கள் ஒரே ஒரு தடவை நேரில் வந்து, அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அதை ஏன் தங்களிடம் போய்க் கேட்கிறேன் என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

கொரோனா காலத்தில் தொடங்கிய குழு தங்களுடையது. இத்தனை வருஷத்தில் யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. இதனால் உங்களுக்கெல்லாம் மனச்சோர்வு வந்துவிடும் என்று கம்பெனியே கண்டுபிடித்து, அதைப் போக்குவதற்காகச் சென்னையில் ஜெஸ்வின் என்ற தம்பியை உற்சாக அதிகாரியாக நியமித்திருக்கிறது. அவர் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் சோர்வு ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமைதோறும் கேமராவைப் போட்டுக்கொண்டு எல்லாரும் விளையாட வேண்டுமாம். ஒரு வெள்ளி மஞ்சள் உடுப்பு, ஒரு வெள்ளி கூலிங் கிளாஸ், இன்னொரு வெள்ளி வீட்டில் வளர்க்கும் பிராணியைக் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் பிராணி எதுவும் கிடையாது என்று ஜாஸ்லின் சொன்னதற்கு, "அப்ப அங்கிளக் காட்டுங்க, போதும்" என்று அந்தத் தம்பி சொல்ல, எல்லாரும் சிரிக்க, நான் கைலியோடு வந்து நின்று கையசைத்தது தங்களுக்கு நினைவிருக்கும். தங்களையும் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். தங்களுக்குப் பின்னால் மாலத்தீவுக் கடற்கரையும் நீலத் தண்ணீரும் படமாகத் தெரிந்தன, காதில் மட்டும் ஸ்ரீரங்கத்து வீதியில் சுவாமி புறப்பாட்டு மேளம் விழுந்தது. "எல்லாரும் கொஞ்சம் சிரிங்கோ, ரெக்கார்ட் ஆறது" என்றீர்கள். சொன்ன தாங்கள் சிரிக்கவில்லை என்பதையும் நான் கவனித்தேன்.

இந்தக் கூத்தில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் மணப்பாறை நிஜாமுதீன். அவருக்கும் ஜாஸ்லினுக்கும் ஒரே வேலை என்பதால் நாள் முழுக்க ஸ்பீக்கரில் அவர் குரல் எங்கள் மாடி அறையில் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் காபி கொண்டுபோய் வைக்கும் சத்தம் கேட்டாலே, "அங்கிள், சாப்டீங்களா?" என்பார். சாயங்கால மழை எங்களுக்குப் பெரும்பாலும் மணப்பாறைப் பக்கமிருந்துதான் வரும். அங்கே முதல் தூறல் விழுந்ததும், "ஜாஸ்லின், இங்க ஆரம்பிச்சிருச்சு, அம்மாகிட்ட மாடித் துணிய எடுக்கச் சொல்லு" என்று தகவல் வந்துவிடும். என் மனைவி அமலராணி துணியை எடுத்து மடித்துப் பீரோவில் வைத்த பிறகுதான் மழை சாவகாசமாக வந்து சேரும். டிவியில் சொல்லும் வானிலை அறிக்கையை ஒருநாளும் நம்பாதவள் நிஜாமுதீனை நம்பினாள். முகமே பார்க்காத அந்த மனிதருக்காகக் கிறிஸ்துமஸ் கேக்கில் ஒரு துண்டு தனியாக எடுத்துவைத்தாள். கொண்டுபோய்க் கொடுக்க யாரும் கிளம்பாததால் கடைசியில் நாங்களே சாப்பிட்டோம்.

இப்போது அந்தப் பச்சைப் புள்ளி விவகாரத்துக்கு வருகிறேன். ஆள் இடத்தில் இருக்கிறாரா என்று காட்ட உங்கள் கம்பெனியில் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு பச்சைப் புள்ளி எரிகிறது. மவுஸை அசைக்காமல் கொஞ்ச நேரம் இருந்தால் அது மஞ்சளாகிவிடும், மஞ்சளானால் எங்கே போனாய் என்று கேள்வி வரும். பணிமனையிலும் எங்களுக்கு வருகைக்கு டோக்கன் உண்டு. ஒருவன் டோக்கனை இன்னொருவன் போட்டால் நான் சொந்த மச்சானாக இருந்தாலும் விடமாட்டேன், அன்றைக்கே மெமோ கொடுத்துவிடுவேன். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் நான் கம்பெனி கட்சிதான். ஆள் இருந்தால் இருக்கிறேன் என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இல்லையென்று தெரிய வேண்டும்.

அந்த வாரம் உப்பிலியபுரத்தில் என் தம்பி மகன் கல்யாணம் என்பதால் ஜாஸ்லின் லீவில் இருந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்த வெள்ளிக்கிழமை, ஜெஸ்வின் தம்பி மேளச் சத்தமெல்லாம் வைத்து ஒரு விருதை அறிவித்தார். வாரம் முழுக்க ஒரு நிமிஷம்கூட மஞ்சளாகாமல், சாப்பாட்டு நேரத்தில்கூடப் பச்சையாகவே இருந்த நிஜாமுதீனுக்குச் 'சோர்வறியாத நட்சத்திரம்' என்று பட்டம். எல்லாரும் கைதட்டும் பொம்மை போட்டார்கள். தாங்களும் போட்டீர்கள். நிஜாமுதீனிடமிருந்து பதிலே வரவில்லை. "எவ்ளோ அடக்கம் பாருங்க, ஒரு தேங்க்ஸ்கூட சொல்லாம வேலை பாக்குறாரு!" என்றார் ஜெஸ்வின். ஜாஸ்லின் அவர் போனுக்கு அடித்துப் பார்த்தாள், அது அணைந்திருந்தது. இதற்குள் பரிசுப் பார்சல் எங்கள் வீட்டுக்கே கூரியரில் வந்துவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் நேரில் போய்க் கொடுத்து, அதை வீடியோ எடுத்து அனுப்பினால் குழுவுக்குள் நெருக்கம் வளருமாம். உள்ளே நிஜாமுதீனின் முகம் அச்சடித்த காபிக் கோப்பையும், சிரிக்கும் முகம் போட்ட பெரிய மஞ்சள் பலூனும் இருந்தன.

ஒரு மணி நேர பஸ்தானே, போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று ஜாஸ்லினைக் கிளப்பியவன் நான். வெறுங்கையோடு போகக் கூடாது என்று அமலராணி ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கிக் கொடுத்தாள். மணப்பாறைக்கு முறுக்கு கொண்டுபோன முதல் குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும். மணப்பாறை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் இருந்த மூச்சையெல்லாம் திரட்டிப் பலூனை ஊதி, நூலால் முடிச்சுப் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். எங்கள் பக்கம் சாவு வீடு என்றால் தெருமுனையிலேயே கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் நிற்கும், வீட்டு வாசலில் மாலை போட்ட படம் இருக்கும். அங்கே எதுவும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் தொப்பி போட்ட ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஏதோ விசேஷம் நடக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. எதிரில் வந்த பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

"நிஜாமுதீன் ஆபீஸ்லருந்து வரோம்ங்க. வாழ்த்து சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம். ஆளு உள்ள இருக்காரா?"

பெரியவர் என்னைப் பார்த்தார், பலூனைப் பார்த்தார்.

"மருமகன் மவுத்தாகி வாரம் ஆகப்போவுதுங்க. நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரி வாசல்லயே உசுரு போயிருச்சு. அன்னிக்கே அடக்கம் பண்ணிட்டோம். உள்ள வாங்க, உக்காருங்க."

உட்கார்ந்தேன். டீ கொடுத்தார்கள். சுற்றிலும் ஓதிக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் நான் அந்தப் பலூனோடு உட்கார்ந்திருக்கிறேன். முடிச்சை அவிழ்க்கலாம் என்றால் நகம் ஏறவில்லை. உடைத்தால் வெடிச் சத்தம் கேட்கும். கீழே விட்டால் நாற்காலிகளுக்கு நடுவே உருண்டுகொண்டு போகும். முழங்கால் இரண்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன், அது என் மடிக்கு மேலே தலையை நீட்டி எல்லாரையும் பார்த்துச் சிரித்தது. என் ஆயுசில் இப்படியொரு அவமானத்தை நான் பட்டதில்லை. கடைசியில் அந்தப் பெரியவரே எழுந்து வந்து, அதை என்னிடமிருந்து மெதுவாக வாங்கி வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஜாஸ்லின் உள்ளே போனாள். நிஜாமுதீனின் மனைவி சுராயா, "நீதான் ஜாஸ்லினா? உன் குரல் எனக்குத் தெரியும்மா" என்று சொல்லிக் கட்டிக்கொண்டாராம். மேஜைமேல் லேப்டாப் எரிந்துகொண்டிருந்ததாம். பக்கத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் மல்லாக்கக் கிடக்க, அதன்மேல் மவுஸ் உட்கார்ந்திருந்தது. அடியில் விநாடி முள் ஓட ஓட, யாரோ மவுஸை அசைப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். மதியத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகும்போது மஞ்சளாகிவிடக் கூடாதென்று அவர் செய்துவைத்த ஏற்பாடு அது. அன்றைக்கும் அதை வைத்துவிட்டு எழுந்தவர்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். "இத மட்டும் தொட்டுறாத, தொட்டா வேலை போயிரும்னு சொல்லியிருந்தாரும்மா. அதான் தொடல. உங்களுக்கெல்லாம் எப்படிச் சொல்றதுன்னும் தெரியல. எல்லாரும் அந்தப் பெட்டிக்குள்ளதான இருந்தீங்க" என்றாராம் சுராயா. ஜாஸ்லின் கடிகாரத்தின் மேலிருந்து மவுஸை எடுத்து ஓரமாக வைத்திருக்கிறாள். பச்சை மஞ்சளாகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். இதையெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது என்னிடம் சொன்னாள், பஸ்ஸில் ஏறியதும் வாயை மூடியவள்தான்.

கம்பெனி என்ன செய்தது என்பது தங்களுக்கே தெரியும். சோக முகப் பொம்மைகள் வந்தன. ஒரு நிமிட மௌனம், எல்லாரும் மைக்கை அணைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வந்தது. ஏற்கெனவே எல்லாருடைய மைக்கும் அணைந்துதான் இருந்தது. அது முடிந்ததும் ஜெஸ்வின் தம்பி, "டீம் மூட் ரொம்ப டவுனா இருக்கு, அதனால இந்த வாரம் தம்போலா ரெண்டு ரவுண்டு" என்றார். நான் கதவருகே நின்று கேட்டேன். பெற்ற வயிறாக இருந்தால் பற்றி எரிந்திருக்கும், எனக்கே எரிந்தது. தம்போலா விளையாட்டில் ஜாஸ்லின் சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளியும் சிரிக்கவில்லை. அதன் பிறகு அவளுக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. குழு நிகழ்ச்சிகளில் ஈடுபாடு போதவில்லை, முகத்தில் மலர்ச்சி இல்லை, இந்தக் காலாண்டு முடிவதற்குள் முன்னேற்றம் தெரியாவிட்டால் மேல் நடவடிக்கை என்று எழுதியிருந்தது. அதன் அடியில் தங்கள் பெயர், பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம். அந்த முகத்தை நான் ஏற்கெனவே மணப்பாறையில் மடியில் வைத்துக்கொண்டிருந்தவன் என்பதால் உடனே அடையாளம் தெரிந்தது.

போதாக்குறைக்குத் தாங்களே மேலிடத்தில் கேட்டு வாங்கிவந்த 'அமைதி மதியம்' வேறு. வியாழக்கிழமை மதியம் மீட்டிங் கிடையாது, போன் கிடையாது, யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது, பச்சை மட்டும் எரிய வேண்டும். பேச்சையே மறந்துகொண்டிருக்கிற பெண்ணுக்கு இதுதானா அம்மா மருந்து? வியாழன் வந்தால் மாடி அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். எங்கள் வீட்டில் மாடிக்கு வெளிப்பக்கமாகப் படிக்கட்டு, நாங்கள் கீழே இருக்கிறோம், மேலே வந்து தட்டக் கூடாது என்று உத்தரவு. டேபிள் ஃபேன் கறக் கறக்கென்று திரும்புகிற சத்தத்தை வைத்துத்தான் பெண் உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்துகொள்கிறோம். சாப்பாடு தட்டில் வேண்டாம், டிபன் பாக்ஸில் போட்டுக் கொடு என்கிறாள், நிறைய வை என்கிறாள். சொந்த வீட்டு மாடிக்கு டிபன் பாக்ஸ்! சாயங்காலம் அது கழுவித் துடைத்துத் திரும்பி வருகிறது. போன வாரம் உள்ளே நாலைந்து பேரீச்சம்பழம் இருந்தது. "யாரோ பையன் வாங்கி அனுப்புறான்ங்க, நீங்க வேணா பாருங்க" என்கிறாள் அமலராணி. அறையை விட்டு வெளியே வராத பெண்ணுக்கு எந்தப் பையன் வருவான்? வந்தால்கூட எனக்குச் சந்தோஷம்தான், பேச ஓர் ஆள் கிடைத்ததே என்று இருப்பேன்.

ஆகவே அம்மா, கிளம்பி வாருங்கள். ஸ்ரீரங்கத்தில் ஏறிச் சென்ட்ரலில் ஒரு பஸ் மாறினால் எங்கள் புதூர். நடுவில் இருப்பது ஒரு காவிரிப் பாலம்தான். கோப்பை, பலூன், விளையாட்டு எதுவும் கொண்டுவர வேண்டாம், அவளுக்கு உற்சாகம் ஊட்டவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மனுஷன் செத்தது நமக்கெல்லாம் தெரியாமல் போனது அநியாயம் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள், அது போதும். வராவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை நான் மறுபடியும் கைலியோடு கேமரா முன்னால் வந்து நிற்பேன், இந்தத் தடவை கையசைத்துவிட்டுப் போகமாட்டேன் என்பதைக் கண்டிப்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் ஊர்ப் பெருமாளும் எங்கள் தெரு மாதாவும் கலந்து பேசித் தங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ளட்டும். தங்கள் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பையும், பெரியவர்கள் இருந்தால் என் வணக்கத்தையும் சொல்லவும்.

இப்படிக்கு,
மன வருத்தத்துடன்,
அமிர்தராஜ்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் போன் அடித்தது. ஜாஸ்லின்தான். மாடியிலிருந்து கீழே கூப்பிடப் போன் எதற்கு என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"அப்பா, மழை ஆரம்பிச்சிருச்சு. அம்மாவ மாடித் துணிய எடுக்கச் சொல்லுங்க."

ஜன்னலில் பார்த்தேன், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"எங்கம்மா மழை?"

"இங்க மணப்பாறைலப்பா. சுராயா அக்கா இத்தா இருக்காங்க, நாலு மாசத்துக்கு வெளிய வரமாட்டாங்க. அதான் வியாழக்கிழமையானா வந்து கூட உக்காந்துட்டு வரேன். அவங்கதான் இப்ப சொன்னாங்க, அவரு இருந்தா இந்நேரம் உங்க வீட்டுக்குச் சொல்லியிருப்பாருன்னு."

அன்றைக்கு மணப்பாறையில் பஸ் ஏறிய பிறகு அவள் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது இதுதான் முதல் தடவை. போன் கை மாறியது.

"சார், நான் ஸ்ரீவித்யா. தப்பா நெனச்சுக்காதீங்கோ. இந்த ஒரு மதியத்த வேற என்ன சொல்லிக் கேட்டு வாங்கறதுன்னு எனக்குத் தெரியல" என்றீர்கள். பின்னால் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. எச்சரிக்கைக் கடிதத்தைப் பற்றிக் கேட்கலாம் என்று திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

மாடிக்கு ஏறி அமலராணி துணியை எடுக்க, நான் அறைக் கதவைத் தள்ளினேன். சும்மா சாத்தித்தான் இருந்தது. ஜாஸ்லின் கடிகாரம் வைக்கவில்லை. டேபிள் ஃபேனின் கழுத்தில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையை மவுஸில் கட்டியிருந்தாள். ஃபேன் திரும்பத் திரும்ப மவுஸ் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சை, தங்கள் பெயருக்குப் பக்கத்திலும் பச்சை. ஸ்ரீரங்கத்தில் தங்கள் வீட்டில் என்ன சுற்றுகிறதோ, நான் கேட்கமாட்டேன். பார்த்துக்கொண்டு நிற்கும்போதே காற்று கிளம்பிக் கரண்ட் போய்விட்டது. நெட் பெட்டிக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது, லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்கிறது, ஃபேனுக்கு எதுவும் இல்லை. ஃபேன் நின்றுவிட்டது.

எனவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும், டோக்கனைப் பற்றி எழுதியதை முக்கியமாக அடித்துவிடவும். ஆசீர்வாதத்தை மட்டும் விட்டுவைக்கவும். இந்தப் பகுதியில் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும், இடது கையால் மவுஸை ஆட்டிக்கொண்டே எழுதுகிறேன். கடிதத்தைத் தபாலில் போடவில்லை. பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இருவரும் வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போது தங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். மழை இப்போதுதான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அடுத்த வியாழனும் தவறாமல் போய் வாருங்கள், மவுஸை நான் பார்த்துக்கொள்கிறேன். போகும்போது, அன்றைக்குத் துணி ஒன்றுகூட நனையவில்லை என்று சுராயாவிடம் சொல்லிவிடுங்கள்.